ரோமில் ஐந்து நாள், 32 பிள்ளைகள்

14, 15 வயதுப் பிள்ளைகள் 32 பேரை ஐந்து நாள் ரோமுக்கு அழைத்துப் போகிறீர்கள். பயண ஏஜென்ட் கொடுத்த திட்டத்தில் 22 இடங்கள் இருக்கின்றன. இது சரிப்படுமா, எதை வைக்கலாம், எதை விடலாம், பிள்ளைகள் நிஜமாகவே எதையாவது கற்றுக்கொண்டு திரும்ப என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரிப்படாது. பாதிக்கு மேல் அடித்துவிடுங்கள். நான் வரலாற்று ஆசிரியர். மாணவர் குழுக்களோடு மூன்று முறை ரோமுக்குப் போயிருக்கிறேன். முதல் தடவை என் கையிலும் இப்படி ஒரு பட்டியல்தான் இருந்தது. திரும்பி வந்ததும் "எது மனதில் நிற்கிறது?" என்று எழுதச் சொன்னேன். பாதிப் பேர் ஒரு தெருக்குழாயைப் பற்றி எழுதியிருந்தார்கள். பார்த்த பேராலயங்கள் எல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்து ஒரே பேராலயமாகிவிட்டிருந்தன. (குழாயைப் பற்றி அவர்கள் எழுதியதில் தப்பே இல்லை, அதற்குப் பிறகு வருகிறேன்.)

அடுத்த தடவை இடங்களைக் குறைத்தேன். கூடவே எல்லோர் கையிலும் ஒரே ஒரு கேள்வியைக் கொடுத்தேன்: இது ஏன் இன்னும் இருக்கிறது? யார் கட்டினார், எந்த ஆண்டு என்பதெல்லாம் வகுப்பறையிலேயே தெரிந்துகொள்ளக்கூடியவை. ஆனால் ரோம், நூற்றாண்டுக் கணக்கில் தன் பழைய கட்டடங்களை உடைத்து அந்தக் கல்லிலேயே புதியவற்றைக் கட்டிக்கொண்ட ஊர். அங்கே ஒரு பழைய சுவர் தப்பியிருக்கிறது என்றால் அதற்குப் பின்னால் ஒரு கதை இருந்தே தீரும். அந்தக் கதையைத் தேடுவதற்கு நேரில் போய்த்தான் ஆக வேண்டும்.

முதல் நாள் பாந்தியன் என்ற பழைய ரோமக் கோயிலில் தொடங்குங்கள். பயணக் களைப்போடு வரும் பிள்ளைகளுக்கு அது போதும். முகப்பில் பெரிய எழுத்தில் அக்ரிப்பா என்ற ரோமத் தளபதி கட்டியதாக எழுதியிருக்கும். அது முழு உண்மையில்லை. அக்ரிப்பா கட்டியது அழிந்துபோனது. இப்போது நிற்பது ஹாட்ரியன் காலத்தில், கி.பி. 126 வாக்கில் முடிந்த கட்டடம். தன் பெயரைப் போடாமல் பழையவரின் பெயரையே வைத்தார் அந்தப் பேரரசர். கல்வெட்டை அப்படியே நம்பிவிடக்கூடாது என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

உள்ளே போனதும் யாரும் எதையும் விளக்க வேண்டாம். பத்து நிமிடம் சும்மா நிமிர்ந்து பார்க்க விடுங்கள். குவிமாடத்தின் விட்டமும் தரையிலிருந்து அதன் உச்சிக்கு உள்ள உயரமும் ஒன்றே, 43.3 மீட்டர். அதாவது ஒரு முழுப் பந்தை உள்ளே வைத்தால் கச்சிதமாக அமரும். இரும்புக் கம்பி இல்லாத கான்கிரீட் குவிமாடங்களில் உலகிலேயே இன்றும் இதுதான் பெரியது. எப்படி விழாமல் நிற்கிறது? கீழே கனமான கல்லைக் கலந்தார்கள், மேலே போகப் போக இலேசான எரிமலைக் கல்லைக் கலந்தார்கள், சுவரின் தடிமனையும் குறைத்துக்கொண்டே போனார்கள். உச்சியில் கனமே வேண்டாம் என்று துளையாகவே விட்டுவிட்டார்கள். மழை பெய்தால் உள்ளே விழும். தரையில் தண்ணீர் வடியச் சிறு துளைகள் இருக்கின்றன, தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சரி, இது ஏன் தப்பியது? 609-இல் இதைத் தேவாலயமாக மாற்றிவிட்டார்கள். வழிபாடு நடக்கும் இடத்தை யார் இடிப்பார்? அப்படியும் முகமண்டபத்தில் இருந்த வெண்கலத்தை 17-ஆம் நூற்றாண்டில் ஒரு போப்பாண்டவரே கழற்றிப் பீரங்கி வார்க்க அனுப்பினார்.

பாந்தியனுக்குப் பின்பக்கம், நடந்தே போகும் தூரத்தில், மினெர்வா சதுக்கம் இருக்கிறது. முதுகில் தூபி சுமந்து நிற்கும் கல் யானை ஒன்று பிள்ளைகளைச் சிரிக்க வைக்கும். அந்தச் சதுக்கத்தை ஒட்டிய மடத்தில்தான் 1633 ஜூன் 22 அன்று கலிலியோ மண்டியிட்டு, பூமி நகர்கிறது என்ற கருத்தைக் கைவிடுவதாகச் சொல்ல வைக்கப்பட்டார். அறிவியல் ஆசிரியர் யாராவது உடன் வந்தால் இந்த இடத்தை அவரிடம் விட்டுவிடுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

இரண்டாம் நாள் கொலோசியமும், பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ஃபோரமும். எல்லோரும் கொலோசியத்தில் கிளாடியேட்டர் கதை சொல்வார்கள். அது பிள்ளைகளுக்கு ஏற்கனவே தெரியும். வெளியே நின்று இரண்டு விஷயங்களைக் காட்டுங்கள். ஒன்று, சுவரெங்கும் அம்மைத் தழும்பு மாதிரி இருக்கும் குழிகள். கற்களைப் பிணைத்திருந்த இரும்புக் கொக்கிகளைப் பிற்காலத்தவர் தோண்டி எடுத்ததால் வந்தவை அவை. இரண்டாவது, வடக்குப் பக்க வளைவுகளுக்கு மேல் செதுக்கியிருக்கும் ரோம எண்கள். 80 வளைவுகளில் 76-க்கு எண் போட்டிருந்தார்கள். இப்போது 23 முதல் 54 வரை உள்ளவைதான் மிச்சம். பார்வையாளர் கையில் இருந்த வில்லையிலும் வாசல் எண் இருக்கும். ஏறக்குறைய 50,000 பேரை அடிதடி இல்லாமல் உள்ளே அனுப்பி வெளியே விட இப்படித்தான் வழி செய்தார்கள். மீதி எண்கள் எங்கே என்று யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். 1349 நிலநடுக்கத்தில் தெற்குப் பக்க வெளிச்சுவர் சரிந்தது. விழுந்த கல்லையெல்லாம் அள்ளிக்கொண்டுபோய் மாளிகைகளும் தேவாலயங்களும் கட்டிக்கொண்டார்கள்.

ஃபோரத்துக்கு முழுசாக மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் பார்வைக்கு அது வெறும் கற்குவியல். கைடு பெயர்களை அடுக்கினால் பத்தாவது நிமிடத்தில் பிள்ளைகள் மொபைலை எடுத்துவிடுவார்கள். நான்கைந்து பேர் கொண்ட குழுவாகப் பிரித்து ஆளுக்கொரு புதிர் கொடுத்துவிடுவது என் வழக்கம். அன்டோனினஸ், ஃபாஸ்டினா கோயிலில் பழைய தூண்களுக்குப் பின்னால் ஒரு தேவாலயம் இருக்கிறது. அதன் கதவு ஏணி வைத்தாலும் எட்டாத உயரத்தில் தொங்குகிறது, ஏன்? (தேவாலயத்துக்கு அந்தக் கதவு வைத்த காலத்தில் தரை அந்த உயரத்தில் இருந்தது. ஃபோரம் முழுவதும் மண் மூடி, மாடு மேயும் மைதானமாகிவிட்டிருந்தது. பிற்பாடு தோண்டித்தான் பழைய தரையைக் கண்டார்கள்.) செவெரஸ் வளைவில் உள்ள எழுத்துகளில் நான்காவது வரியைச் சுற்றி மட்டும் பொருந்தாத துளைகள் தெரிகின்றன, ஏன்? இது எனக்கு மிகவும் பிடித்த புதிர். கி.பி. 203-இல் அந்த வளைவை எழுப்பியபோது பேரரசரின் இளைய மகன் கேத்தாவின் பெயர் அங்கே இருந்தது. அண்ணன் கரகல்லா 211-இல் தம்பியைக் கொலை செய்வித்து, ஊரெங்கும் அவன் பெயரை அழிக்க உத்தரவிட்டான். வளைவிலிருந்த வெண்கல எழுத்துகளைப் பிடுங்கி, வேறு புகழ்மொழியை அதே இடத்தில் பொருத்தினார்கள். பழைய எழுத்தின் ஆணித்துளைகளை மட்டும் மறைக்க முடியவில்லை. ஒருவனை மறக்கச் செய்யப் போட்ட உத்தரவே அவனை இன்றுவரை காட்டிக்கொடுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் அசந்துபோவார்கள்.

டைட்டஸ் வளைவையும் விடாதீர்கள். உட்புறச் சிற்பத்தில் ஏழு கிளை விளக்கைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், கி.பி. 70-இல் ஜெருசலேம் கோயிலைச் சூறையாடிக் கொண்டுவந்தது அது. அன்று மாலையே பழைய யூதர் பகுதிக்கு நடந்துபோங்கள். 1555-இல் போப்பாண்டவரின் ஆணைப்படி யூதர்களை மதில் கட்டி அடைத்துவைத்த இடம் அது. 1943 அக்டோபர் 16 காலையில் ஜெர்மானியப் படை ரோமில் யூதர்களை வளைத்துப் பிடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பினார்கள், திரும்பியவர்கள் 16 பேர். வீட்டு வாசல்களுக்கு முன்னால் நடைபாதையில் உள்ளங்கை அளவுப் பித்தளைக் கற்கள் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், பிறந்த ஆண்டு, பிடித்துக்கொண்டுபோன நாள். பிள்ளைகளிடம் தங்கள் வயதுள்ள ஒருவரின் கல்லைத் தேடச் சொன்னேன். அதற்குப் பிறகு அன்று நான் ஒன்றும் பேசவில்லை. நீங்களும் பேச வேண்டியிருக்காது.

மூன்றாம் நாளுக்குச் சான் கிளமென்டே தேவாலயம். ஏஜென்ட் பட்டியலில் இது அநேகமாக இருக்காது. கொலோசியத்திலிருந்து நடந்தே போகலாம். மேலே இருப்பது 12-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். படியிறங்கினால் அதற்குக் கீழே 4-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். இன்னும் இறங்கினால் முதல் நூற்றாண்டுக் கட்டடங்கள், அவற்றுக்குள் மித்ரா என்ற கடவுளுக்கான சிறிய குகைக் கோயில், எங்கோ சுவருக்குள் தண்ணீர் ஓடும் சத்தம். ரோம் அடுக்கடுக்காக ஏறிய ஊர் என்பதைக் கால்களே சொல்லிக்கொடுத்துவிடும். மண்ணும் கல்லும் போட்டு நிரப்பி, அதன்மேல் புதிதாகக் கட்டினார்கள். அதனாலேயே கீழே இருந்தது தப்பியது.

நடு அடுக்கில் 11-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் வரைந்த ஒரு சுவரோவியம் உண்டு. ஒரு அதிகாரி புனிதரைக் கட்டி இழுக்கச் சொல்கிறான். வேலைக்காரர்கள் மதிமயங்கி ஒரு கல்தூணை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் காலத்துப் படக்கதை மாதிரி பேசுபவர்களின் வசனத்தையும் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். புனிதர் பேசுவது லத்தீன். அதிகாரி கத்துவது தெருப்பேச்சு, அதுவும் ஒரு கெட்டவார்த்தையோடு. இத்தாலிய மொழி எழுத்தில் தலைகாட்டிய மிகப் பழைய இடங்களில் இது ஒன்று. எழுத்து ஒரு மாதிரியும் பேச்சு ஒரு மாதிரியும் இருக்கும் மொழியில் வளரும் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்பார்கள். அதற்கு மட்டும் தயாராகப் போங்கள்.

மதியம் கேபிடோலைன் அருங்காட்சியகம். இரண்டே பொருள் போதும். மார்க்கஸ் ஆரேலியஸ் குதிரைமேல் இருக்கும் வெண்கலச் சிலை: பிறமதத்துப் பேரரசர்களின் வெண்கலச் சிலைகளையெல்லாம் உருக்கிய காலத்தில் இதை மட்டும் விட்டுவைத்தார்கள், கிறிஸ்தவத்தை ஆதரித்த கான்ஸ்டன்டைன் என்று தப்பாக நினைத்துக்கொண்டதால். ஆள் மாறாட்டத்தில் பிழைத்த சிலை! வெளியே சதுக்கத்தில் இருப்பது நகல், உள்ளே இருப்பதுதான் அசல். அடுத்தது, ரோமை உருவாக்கியதாகப் பழங்கதை சொல்லும் இரட்டையர் ரோமுலஸுக்கும் ரெமுஸுக்கும் பாலூட்டும் ஓநாய்ச் சிலை. கி.மு. 5-ஆம் நூற்றாண்டு என்று நெடுங்காலம் நம்பினார்கள். கரிமக் காலக்கணிப்பு செய்தபோது கி.பி. 11, 12-ஆம் நூற்றாண்டு என்று வந்தது. அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. குழந்தைகள் இருவரும் 15-ஆம் நூற்றாண்டில் சேர்த்தவர்கள்.

வாட்டிகனுக்கு அரை நாள். சிஸ்டைன் சிற்றாலயத்துக்குள் பேசவோ படம் எடுக்கவோ கூடாது, கூட்டம் தோளோடு தோள் உரசும். ஆகையால் பாடத்தைப் புறப்படும் முன் வகுப்பிலேயே முடித்துவிடுங்கள். கூரையை மைக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை வரைந்தார், பலிபீடச் சுவரை 1536-இல் தொடங்கி 1541-இல் முடித்தார். இரண்டுக்கும் நடுவில் ஓவியருக்கு வயதாகிவிட்டது, காலமும் மாறிவிட்டது. இரண்டிலும் மனித உடல்களை ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னால் அதுவே போதும். தோளும் முழங்காலும் மறையும் உடை கட்டாயம். மாதத்தின் கடைசி ஞாயிறு இலவசம் என்று யாராவது ஆசை காட்டினால் மயங்காதீர்கள். வரிசையிலேயே பொழுது போய்விடும்.

நான்காம் நாளை முழுக்க ஓஸ்தியா அந்திகாவுக்குக் கொடுங்கள். எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெய்க்கு ஒரே நாளில் போய்வரலாம் என்று ஏஜென்ட் சொல்லியிருப்பார். போய்வரலாம்தான், ஆனால் பாதி நாள் பஸ்ஸில் தூங்கிக் கழியும். ஓஸ்தியா ரோமின் பழைய துறைமுக நகரம். பிரமிடு மெட்ரோ நிலையத்தை ஒட்டிய ரயில் நிலையத்திலிருந்து ஏறினால் அரை மணி நேரம், நகரப் போக்குவரத்து டிக்கெட்டிலேயே போகலாம். திங்கள் விடுமுறை. இந்த ஊர் எரிமலையில் சாகவில்லை. வணிகம் குறைந்து, ஆள் குறைந்து, ஆற்றுவண்டல் மூடி மெல்ல அடங்கிப்போனது. மாடி வீடுகள், சாப்பாட்டுக் கடையின் கல்மேடை, வரிசையாகத் துளையிட்ட பொதுக் கழிப்பறை எல்லாம் இருக்கின்றன. (கழிப்பறையில் எல்லோரும் படம் எடுத்துக்கொள்வார்கள், பத்து நிமிடம் கூட்டிக் கணக்குப் போடுங்கள்.) நாடக அரங்குக்குப் பின்னால் உள்ள சதுக்கத்தில் கப்பல் வணிகர்களின் அறைகள், ஒவ்வொன்றின் வாசலிலும் கறுப்பு வெள்ளைக் கற்களால் கப்பல், கலங்கரை விளக்கம், யானை என்று விளம்பரப் பலகை மாதிரி தரையோவியம். எந்த ஊர் வணிகர், என்ன சரக்கு என்று ஊகிக்கச் சொல்லுங்கள். தலைநகரத்தில் காட்டுவதெல்லாம் பேரரசர்கள். இங்கேதான் அன்றாடம் உழைத்தவர்கள் கண்ணில் படுகிறார்கள்.

இப்போது குழாய். ரோம் முழுக்க வளைந்த மூக்கு மாதிரிக் குழாயோடு இரும்புத் தூண்கள் நிற்கும், 'நசோனே' என்ற பெயருக்கே 'பெரிய மூக்கு' என்றுதான் அர்த்தம். 1870-களிலிருந்து இருக்கின்றன. தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், குடிக்கலாம். நுனியை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளை வழியே தண்ணீர் வளைந்து பாயும், குனியாமல் குடிக்கலாம். பிள்ளைகள் மனதில் நின்றது இதுதான். இரண்டாம் பயணத்தில் இதையே பாடமாக்கினேன். பாந்தியனில் பெயர் பார்த்த அதே அக்ரிப்பா கி.மு. 19-இல் கொண்டுவந்த நீர்க்கால்வாய் ஒன்று உண்டு. பெரும்பகுதி நிலத்தடியில் ஓடுவதால் மற்றக் கால்வாய்கள் பாழானபோதும் அது முற்றிலும் சாகவில்லை, பழுது பார்த்துப் பார்த்து உயிரோடு வைத்திருந்தார்கள். திரெவி நீரூற்றுக்கு அந்தக் கால்வாய்தான் இன்றும் தண்ணீர் தருகிறது. நாணயம் போடுவதற்கு முன்னால் இதைச் சொன்னால் தண்ணீரைப் பார்க்கும் பார்வையே மாறும்.

வேலை விஷயங்களுக்கு வருவோம். இத்தாலிய அரசின் அருங்காட்சியகங்களிலும் தொல்லியல் இடங்களிலும் 18 வயதுக்குக் கீழே எந்த நாட்டவருக்கும் நுழைவு இலவசம்; கொலோசியம், ஃபோரம், ஓஸ்தியா எல்லாம் இதில் வரும். வாட்டிகன் தனி நாடு, அங்கே இந்தச் சலுகை செல்லாது. கேபிடோலைன் நகராட்சியுடையது, அதன் விதிகளைத் தனியாகப் பாருங்கள். ஏஜென்ட் கொடுத்த கணக்கில் கொலோசியத்துக்குத் தலைக்கு முழுக் கட்டணம் போட்டிருந்தால் காரணம் கேளுங்கள். இலவசம் என்றாலும் முன்பதிவு வேண்டும், கொலோசியம் டிக்கெட்டில் ஒவ்வொருவர் பெயரும் இருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலையே கொடுங்கள். ஒரு முறை செல்லப்பெயரில் பதிவான ஒரு மாணவிக்காக வாசலில் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறேன். தப்பு என்னுடையதுதான்.

விசா தேவைப்படும் நாட்டிலிருந்து போவதாக இருந்தால், ஷெங்கன் விசாவுக்கு (இத்தாலி உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 12 வயதைத் தாண்டியவர்கள் கைரேகை கொடுக்க நேரில் போக வேண்டும். 32 பேருக்கு அதுவே பெரிய வேலை. பெற்றோரின் ஒப்புதல் கடிதம், குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு இரண்டும் அவசியம். படிப்பு, கல்விப் பயிற்சிக்காகப் போகும் மாணவர்களுக்கும் உடன் போகும் ஆசிரியர்களுக்கும் விசாக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய விதியில் இடம் இருக்கிறது. உங்கள் பயணம் அதில் அடங்குமா என்று தூதரகத்திடம் எழுத்தில் கேளுங்கள். கேட்காதவர்களே அதிகம்.

எட்டு பேருக்கு ஒரு ஆசிரியர் என்று வையுங்கள், அந்தக் குழு ஐந்து நாளும் மாறக்கூடாது. மெட்ரோவுக்கு ஒரே விதி: ரயிலில் மாட்டிக்கொண்டவர் அடுத்த நிலையத்தில் இறங்கி நிற்க வேண்டும், பிளாட்பாரத்தில் விடுபட்டவர் அங்கேயே நிற்க வேண்டும், தேடிப் போவது ஆசிரியர் வேலை. புறப்படும் முன்பே பள்ளியில் நடித்துப் பார்த்துவிடுங்கள், சிரிப்பார்கள், பரவாயில்லை. டெர்மினி நிலையமும் வாட்டிகன் போகும் 64-ஆம் எண் பஸ்ஸும் பிக்பாக்கெட்டுக்குப் பேர்போனவை. ஸ்பானிஷ் படிக்கட்டில் உட்கார்ந்தால் அபராதம். பழைய சுவரில் பெயர் கீறினால் விஷயம் நீதிமன்றம் வரை போகும். இதை ஒரு தடவைக்கு மூன்று தடவை சொல்லிவிடுங்கள். ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் ஃபோரத்தில் நிழலே கிடைக்காது. மார்ச் அல்லது அக்டோபர் கடைசி என்றால் நடக்க முடியும். அவசர எண் 112.

தினமும் இரவு நாட்குறிப்பு எழுதச் சொல்லி வதைக்காதீர்கள். ஆளுக்கு ஒரே ஒரு பொருளைத் தேர்ந்துகொண்டு, அது ஏன் தப்பியது என்று கடைசி நாள் இரண்டு நிமிடம் பேசினால் போதும். அதைப் பேச வைக்க நான் கண்டுபிடித்த இடம் சி தடத்திலுள்ள சான் ஜொவான்னி மெட்ரோ நிலையம். அதைத் தோண்டியபோது கிடைத்தவற்றை உள்ளேயே வைத்திருக்கிறார்கள். கீழே இறங்க இறங்க, எந்த ஆழத்தில் எந்தக் காலம் என்று சுவரே சொல்லிக்கொண்டு வரும்: மேலே நம் காலம், அப்புறம் இடைக்காலம், அதற்கும் கீழே ரோமப் பேரரசு, ஒரு பழைய பண்ணையின் நீர்த்தேக்கம், அங்கே கிடைத்த பீச் பழக் கொட்டைகள். டிக்கெட் விலை 1.50 யூரோ. போன தடவை கேத்தாவைத் தேர்ந்தெடுத்த ஒரு பையன் மூன்றாம் நூற்றாண்டு எந்த ஆழத்தில் வருகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் நின்றுதான் பேசுவேன் என்று அடம்பிடித்தான். ரயில் இரண்டைத் தவற விட்டோம்.